ரியாத்திலிருந்து மதுரை: ஐந்து மணி இருபது நிமிடம்

எங்களைப் பெற்ற அத்தா காலை ஆறு மணிக்குக் கண்ணை மூடியபோது ரியாத்தில் மணி மூன்றரை. தம்பி அங்கே லாரி ஓட்டுகிறான். போனில் அழுது முடித்து, "அண்ணே, மொகம் பாக்கணும். நான் வர்ற வரைக்கும் வச்சிருங்க" என்றான்.

எங்களில் காக்க வைப்பது வழக்கமில்லை. அன்றைக்கே அடக்கம். அத்தாவின் அண்ணன், பெரியத்தா கேட்டார்: "எப்ப வந்து சேருவான்? மணியச் சொல்லு."

எந்தத் துக்க வீட்டிலும் நாலு பேரைச் சிரிக்க வைக்கிற ஆள் நான். அன்று செல்போனை மூன்று முறை கீழே போட்டேன். ஏதோ ஓர் இணையதளத்தில் இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினேன். மூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் சொச்சம், ஐந்து மணி இருபது நிமிடம் என்றது. இரண்டரை மணி நேர வித்தியாசத்தைக் கூட்டுவதா கழிப்பதா? ஒரு கணக்கில் தம்பி கிளம்புவதற்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டான். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, மதுரையிலிருந்து கார் வருவதற்கு ஒன்றரை மணி நேரத்தையும் சேர்த்தேன்.

"மூணரைக்கு இங்க இருப்பான் பெரியத்தா. அஸர் தொழுகை முடிஞ்சு எடுத்துரலாம்."

பள்ளிவாசல் மைக்கிலும் அப்படியே சொல்லிவிட்டார்கள்.

திருச்சுழி பஸ்ஸுக்கு நின்று பழகிய புத்தி. போய் நின்றால் வண்டி வரும், ஏறினால் ஊர். ரியாத்திலிருந்து மதுரைக்கு நேராக விமானம் இல்லை, கம்பெனியில் கையெழுத்து வாங்காமல் தம்பி நகர முடியாது என்பதெல்லாம் அந்தத் தாளில் எங்கும் இல்லை.

பன்னிரண்டு மணிக்குத் தம்பி கூப்பிட்டான். "டிக்கெட் கெடச்சிருச்சுண்ணே. துபாய் போயி, ராத்திரி அங்க கெடந்து, நாளைக்கு மத்தியானம் வீட்டுல இருப்பேன். வச்சிருப்பீகள்ல?"

"நீ வாடா" என்றேன். காலண்டர் தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டேன்.

மூன்றரைக்கு அருப்புக்கோட்டை, மல்லாங்கிணறு உறவெல்லாம் வந்து தெரு நிறைந்துவிட்டது. பெரியத்தா என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். தம்பி நாளை மத்தியானம்தான் வருவான் என்று அப்போதுதான் சொன்னேன்.

"ஒங் கணக்கு ஊரையே கூட்டிருச்சு, அவன மட்டும் கொண்டாரல. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ஒங்கத்தாவப் போட்டு வைக்கச் சொல்றியா? நீ மூத்தவன். நீ சொல்றதுதான்."

தம்பியைக் கூப்பிட்டேன். போன் அணைந்திருந்தது. விமானம் ஏறிவிட்டான்.

"எடுத்துருவோம்" என்றேன்.

மறுநாள் பையோடு வாசலில் நின்றவன், வெறும் கட்டிலைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"எத்தன மணிக்கு எடுத்தீக?"

"நாலே முக்கால்."

அவன் கை வாட்ச்சில் இன்னும் ரியாத் நேரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மனசுக்குள் கழித்தான். என்னைவிட வேகம்.

"அப்ப எனக்கு ரெண்டேகால். பிளேன்ல சோறு குடுத்தாக" என்றான். "பசியில நல்லாச் சாப்புட்டேண்ணே."