பழுப்புத் தாளில் மடித்த சீட்டுகள்

இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரை மலைமேல் சேரங்கோட்டுப் பக்கம் லாரிகளில் கொண்டுவந்து இறக்கிய காலத்தில், எங்கள் தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் பட்டம் பெற்றவன் நான் ஒருவனே. மேலாளர் இல்லாத வேளைகளில் என் சொல்லே முடிவு. அதை ஒருவரும் மறுத்ததில்லை.

கல்லூரி விடுதியில் சில காகித மடிப்பு வித்தைகளையும் பழகியிருந்தேன். அவற்றுள் பழையது இரட்டைப் பொட்டலம். இரு தாள்களை ஒரே மாதிரி மடித்து, முதுகோடு முதுகாகப் பசையால் ஒட்டிவிட வேண்டும். ஒன்றில் பொருளை வைத்து மூடி, பேச்சுவாக்கில் திருப்பி மற்றதைத் திறந்தால் பொருள் மறைந்திருக்கும். தாள் அரிதாயிருந்த நாளில் சந்தை வித்தைக்காரர்கள் இதை வாழைச்சருகில் செய்தார்களாம். கற்றுத்தந்த நண்பர் சொன்னது. உண்மையா என்று அறியேன்.

அந்தப் பொங்கலன்று, மாதிரித் தேயிலை மடிக்கும் பழுப்புத் தாளில் அதைச் செய்துகாட்டினேன். ஒரு பிடி தேயிலை மறைந்தது. கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது.

சில வாரங்களில் தொழிலாளர் வீடுகளைக் குலுக்கலில் ஒதுக்கினோம். பெயர்ச் சீட்டுகளுக்கும் கைக்கு எட்டிய அதே பழுப்புத் தாளை எடுத்து, கைப்பழக்கத்தில் பொட்டலமாகவே மடித்தேன். எடுத்துப் பிரித்தவனும் நானே. குழாய்க்கு அருகிலிருந்த ஒழுகாத வீடு, இலங்கையிலிருந்து மூச்சிரைப்புக்காரக் கணவரோடு வந்திருந்த ஒரு பெண்ணுக்கு விழுந்தது.

மறுநாள் குழாயடிப் பேச்சு என் ஜன்னலில் கேட்டது.

“ஏனுங்க, தேயிலையவே மறைச்ச கையிங்க அது. ஒரு பேர வரவெக்கறதா பெருசு?” சமவெளியிலிருந்து முன்பே வந்து குடியேறியவள் ஒருத்தி; ஒழுகும் கோடி வீடு விழுந்தது அவளுக்குத்தான்.

“அய்யாவுக்கு என்னத்தக் காட்டி மயக்குனாளோ!” என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு எழுந்தது.

“கடல் தாண்டி வந்தது இதைக் கேக்கத்தானா?” என்றது அந்தப் பெண்ணின் குரல்.

பிரித்த சீட்டுகள் என் குப்பைக்கூடையில்தான் கிடந்தன. எடுத்துப்போய்க் காட்டியிருந்தால் பேச்சு அடங்கியிருக்கும். ஆனால் குழாயடியில் நின்று என் நேர்மைக்கு விளக்கம் சொல்வது பதவிக்கு இழுக்கு என்று எண்ணி, ஜன்னலைச் சாத்தினேன்.

மாலையில் அவள் அலுவலக வாசலுக்கு வந்தாள்.

“இந்தக் காம்பரா வேணாங்கய்யா. கோடிக் காம்பராவே போதும்.”

“அந்த வீடு ஒழுகும். உன் புருஷனுக்கு ஆகாது.”

“ஒழுகுனா சட்டி வைப்பேங்கய்யா. பேச்சுக்கு எதைங்கய்யா வைக்கிறது?”

சீட்டுகள் அப்போதும் கூடையில்தான் கிடந்தன. சாவிகளை மாற்றிக் கொடுத்தேன். அந்தத் தென்மேற்கு மழை முழுவதும் அவள் கணவரின் இருமல் அலுவலகம்வரை கேட்டது. ஜன்னலைச் சாத்தியும் கேட்டது. பிறகு வித்தை காட்டச் சொல்லி யார் கேட்டாலும், மறந்துவிட்டது என்பேன்.

அந்தப் பெண்ணுக்காக நான் இரட்டைப் பொட்டலம் மடித்தேன் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். தவறு. அன்றைய சீட்டுகள் அனைத்தும் ஒற்றைத் தாள். ஒன்றின் முதுகிலும் பசை இல்லை.