கழுவிப்போன மண்

1. திறப்பு விழாவுக்கு முந்தின நாள்

நான் செய்து வைத்த காரியம் சாயங்காலம்தான் எனக்கு உறைத்தது. மேசைமேல் இரண்டு ஜோடி பட்டாள பூட்ஸ். இரண்டும் எட்டாம் நம்பர், இரண்டும் முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தன. எது யாருடையது என்று தெரியவில்லை.

பட்டாளத்தில் நான் ஸ்டோர்கீப்பர். ஓய்வுக்குப் பிறகு, பாறசாலைப் பக்கம் முன்னாள் ராணுவத்தினர் சிலர் சேர்ந்து நடத்தும் ராணுவ மியூசியத்திலும் அதே வேலைதான். கூரை ஒழுகியதால் ஒன்றரை வருஷம் மூடிக்கிடந்த மியூசியம் மறுநாள் திறக்கிறது. பேண்டு வாத்தியம், பழைய வயர்லெஸ் செட்டை இயக்கிக் காட்டுவது, பள்ளிப் பிள்ளைகளுக்கு வினாடி வினா எல்லாம் உண்டு. ஆனால் முக்கியமான நிகழ்ச்சி வேறு. பணியில் இறந்தவர்களின் பொருள்களை அவரவர் குடும்பத்தாரே கண்ணாடிப் பெட்டிக்குள் எடுத்து வைக்க வேண்டும்.

ஒரு ஜோடி பூவாரைச் சேர்ந்த ஸ்டெல்லாவின் கணவருடையது. ரோந்து போய்வந்து பூட்ஸைக் கழற்றிப் போட்டவர், காய்ச்சலில் படுத்து எழுந்திருக்கவே இல்லை. அவருடைய பெட்டியோடு வீட்டுக்கு வந்த பூட்ஸில் சிவப்பு மண் அப்பியிருந்தது. எங்களிடம் தரும்போது ஸ்டெல்லா ஒன்றுதான் கேட்டுக்கொண்டார்.

"அண்ணா, இந்த மண்ணை மட்டும் தட்டிக் களையாண்டாம். அவரு கடைசியா நடந்த மண்ணாக்கும்."

மற்ற ஜோடி, காரோடு ஊரில் மரச்சீனிக் கிழங்கு பயிரிடும் ஞானமுத்து என்ற பெரியவரின் மகனுடையது. அதில் சாம்பல் நிறத் தூசி. நிறத்தை வைத்தே பிரித்துவிடலாம் என்று நானும் அலட்சியமாக இருந்தேன்.

2. பிரஷ் எடுத்த கை

எங்கள் செயலாளர் ஓய்வுபெற்ற சுபேதார். இன்றும் அவரை 'சாப்' என்றுதான் கூப்பிடுவோம். அன்று காலையில் சுற்றிப் பார்க்க வந்தவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எலே, நாளைக்கு பெரிய ஆபீசர்மாரெல்லாம் வாறாவ. அழுக்கு பூட்ஸை ஷோகேஸ்ல வச்சா நம்ம மானம் போவும்."

பழியை அவர்மேல் போட எனக்கும் ஆசைதான். ஆனால் பிரஷை எடுத்தது என் கை. ஆபீசர் வருகிறார் என்று காதில் விழுந்துவிட்டால் பட்டாளத்துக்காரனுக்கு மூளை வேலை செய்யாது, கைதான் வேலை செய்யும். பெயர் எழுதிக் கட்டியிருந்த டேக்குகள் இடைஞ்சலாக இருந்தன, கழற்றினேன். குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். பூட்ஸ் நாக்கின் உட்பக்கம் மங்கலாக இருந்த சர்வீஸ் நம்பரும் அதோடு போயிற்று. ஸ்டெல்லா சொன்னது ஒரு முறைகூட நினைவுக்கு வரவில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் விஷயத்தைச் சாப் காதில் போட்டேன். "ஏதாவது ஒண்ணைக் குடு. அவியளுக்கு எங்க தெரியும்?" என்றார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. சொன்னால் விழா கெடும், சொல்லாவிட்டால் நான் கெடுவேன். எது பெரிது என்று விடியும் வரை பிடிபடவில்லை.

3. உள்ளே போன கை

காலையில் இரண்டு பேரையும் ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப்போய் நடந்ததைச் சொன்னேன். ஸ்டெல்லா மேசையருகே வந்து பூட்ஸைப் பார்த்தார்.

"மண்ணும் போச்சா அண்ணா?"

"போச்சும்மா."

அவர் பக்கத்திலிருந்த ஜோடியை எடுத்து உள்ளே கைவிட்டுத் தடவினார். "இது அவருக்கதாக்கும். சுண்டுவிரல் பக்கம் குழிஞ்சு கிடக்கு."

அப்பாடா என்று இருந்தது. அதே பூட்ஸை ஞானமுத்து அவர் கையிலிருந்து வாங்கினார். அவரும் உள்ளே கைவிட்டார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"எனக்க மோனுக்கதும் இப்படித்தான். சுண்டுவிரலு ஒதுங்கிக் கிடக்கும் அவனுக்கு." பூட்ஸை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

மற்ற ஜோடி மேசையிலேயே இருந்தது. வெளியே பேண்டு தொடங்கிவிட்டது. யாரை நம்புவது? ஸ்டெல்லா பெரியவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எனக்குத்தான் தப்பிப்போச்சு. அது இந்த அப்பச்சனுக்க மோனுக்கதாக்கும். எனக்கது மற்றது," என்றார். அந்த மற்ற ஜோடிக்குள் அவர் கைவிட்டே பார்க்கவில்லை.

விழா நடந்தது. இருவரும் பெட்டிக்குள் வைத்தார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். ஸ்டெல்லா கிளம்பும்போது வாசல் வரை ஓடிப்போய்க் கேட்டேன்.

"உள்ளதைச் சொல்லும்மா. எது அவருக்கது?"

"மண்ணு இருந்திருந்தா நான் ஒருத்தருக்கும் விட்டுக் குடுத்திருக்க மாட்டேன் அண்ணா. இனி எதா இருந்தா என்ன," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

பெட்டியில் இருக்கும் பெயர் அட்டைகள் சரியா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஸ்டோர் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: ஒரு பொருளைத் துடைப்பதற்கு முன், கொடுத்தவர் உங்களிடம் கொடுத்தது எதை என்று யோசியுங்கள். ஸ்டெல்லா எங்களை நம்பிக் கொடுத்தது அந்த மண்ணை. நான் பூட்ஸை வைத்துக்கொண்டு, மண்ணைக் குழாயடியில் கழுவி விட்டுவிட்டேன்.