ஜகதீசனின் சிநேகிதர்

தெலுங்கு நாட்டு ராமச்சந்திராபுரத்துத் தமிழ்க் குடும்பங்களில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் முதல் போன் டாக்டருக்குப் போகாது, ஜகதீசனுக்குத்தான் போகும். அங்குள்ள தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே மனிதர் இன்னொரு வேலையில் சேர்ந்துவிட்டார், சம்பளம்தான் கிடையாது. கம்பெனி டிஸ்பென்சரியில் காட்டி, அங்கே கடிதம் வாங்கினால்தான் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக முடியும். எந்த ஜன்னலில் முத்திரை, எந்தக் கிழமை எந்த டாக்டர், எந்த ஸ்கேனுக்கு வெறும் வயிறு என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தோளில் ஒரு காக்கிப் பை தொங்கும். அதில் தண்ணீர் பாட்டில், பிஸ்கட், ஜெராக்ஸ் கட்டு. நோயாளியை டாக்டர் முன்னால் நாற்காலியில் உட்கார வைத்து, தான் பின்னால் நின்றுகொண்டு, அவர் பாதி சொன்னதை மீதி சொல்லி முடிப்பார்.

டிஸ்பென்சரி டாக்டர் ஆக்னஸ் தூத்துக்குடிக்காரர். ஜகதீசன் கதவைத் தள்ளினாலே சிரிப்பார்.

"வாங்க அண்ணாச்சி, இன்னிக்கு யாருக்கு என்ன?"

சித்திரை வெயிலில் ஒருநாள் அப்படித்தான் கேட்டார். ஜகதீசன் பையை இறக்காமலே நின்றார்.

"என் சிநேகிதர் ஒருத்தருக்கு டாக்டரம்மா. வெளிக்குப் போறப்ப ரத்தம் போகுதாம். மூலமா இருக்கும்னு நெனைக்கிறார்."

"வயசு?"

"என் வயசுதான்."

"வயிறு முன்ன மாதிரி ஒழுங்காப் போகுதா? ஆள் மெலிஞ்சிருக்காகளா?"

"கொஞ்சம் மெலிஞ்சுதான் போயிட்டார். ஒரு நாள் கட்டிக்குது, ஒரு நாள் பிச்சுக்கிட்டுப் போகுது."

ஆக்னஸின் சிரிப்பு நின்றது. "மூலம்னு அவுகளா முடிவு பண்ணக் கூடாது. இந்த வயசுல இப்படின்னா குடல்ல கட்டி இருக்கான்னு பார்த்தே ஆகணும். புற்றா இல்லாமலும் இருக்கலாம், ஆனா பார்த்தாத்தான தெரியும்? நாளைக்கே கூட்டிட்டு வாங்க. ஸ்பெஷலிஸ்டுக்கு லெட்டர் தாறேன்."

சிநேகிதர் என்று ஒருவரும் இல்லை. ரத்தம் போனது ஜகதீசனுக்குத்தான். டாக்டர் நம்பியதைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஊரார் நோயையெல்லாம் தன் வாயால் சொல்லிவந்த மனிதர், தன் நோயையும் அதே வாயால் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? அண்ணாச்சி என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவளிடம் போய் இதைச் சொல்வதா என்ற கூச்சம் ஒருபக்கம். அதைவிடப் பெரிது பயம். புற்றுநோய் வார்டுக்கு எத்தனையோ பேரைக் கூட்டிப் போனவர் அவர். எல்லோரையும் திரும்பக் கூட்டி வரவில்லை.

அடுத்தடுத்து அவர் போனபோதெல்லாம் ஆக்னஸ் மறக்காமல் கேட்டார். சிநேகிதர் ஊருக்குப் போயிருக்கிறார் என்றார் ஜகதீசன். பிறகு, மகள் வீட்டில் விசேஷம் என்றார். கடைசியில், "வேற எங்கயோ காட்டிட்டாராம் டாக்டரம்மா, மூலந்தானாம்" என்று ஒரேயடியாக முடித்துவிட்டார். டாக்டரும் கேட்பதை விட்டார். இவர் நாட்டுமருந்துக் கடையில் சூரணம் வாங்கி, மனைவி திரிபுரசுந்தரிக்குத் தெரியாமல் விழுங்கிக்கொண்டிருந்தார். ஏன் இப்படிக் கரைகிறீர்கள் என்று அவள் கேட்டால், பழியை வெயில் மேல் போட்டார். வெயில் போய் மழையும் வந்துவிட்டது, உடம்பு தேறவில்லை.

ஆடி மாதம் ஓய்வு பெற்றவர்களுக்கு டிஸ்பென்சரியில் வருடாந்திர ரத்தப் பரிசோதனை. போகாமல் இருந்தால் ஊரே கேட்கும் என்று ஜகதீசன் போய்க் கையை நீட்டினார். மறுநாள் ஆக்னஸே போன் பண்ணி வரச் சொன்னார். இந்தமுறை கதவைத் தள்ளியபோது சிரிப்பு இல்லை.

"அண்ணாச்சி, உங்க சிநேகிதர் உடம்புல ரத்தம் பாதிதான் இருக்கு."

ஜகதீசன் தரையைப் பார்த்தார். தோளிலிருந்து பையை மெதுவாக இறக்கிக் கீழே வைத்தார்.

"எனக்கு என் மேலதான் கோவம் வருது" என்றார் ஆக்னஸ். "உங்களை நிக்க வச்சே பேசி அனுப்பிட்டேன். ஒரு தடவை உங்க முகத்தைப் பார்த்திருந்தா போதுமே."

கட்டிலில் படுக்க வைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். கூச்சம் பார்க்காமல் செய்ய வேண்டிய பரிசோதனையையும் செய்தார். கை கழுவிவிட்டு வந்து கடிதம் எழுதி, மேலே அவசரம் என்று குறித்தார். "தனியாப் போகக் கூடாது. மதினியக் கூட்டிட்டுத்தான் போகணும்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது திரிபுரசுந்தரி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்றிருந்தது ஜகதீசனுக்கு.

"ஊருக்கெல்லாம் துணைக்குப் போன மனுஷனுக்கு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?" என்றாள். "நான் என்ன, அடுத்த வீட்டுக்காரியா?"

மறுநாள் காலை காக்கிப் பையில் அவளே பாட்டிலை நிரப்பி வைத்து, அதைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். அவர் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. நகரத்துக்குள் கச்சிபௌலி நெரிசலில் கார் ஊர்ந்தது. நாலு மாதம் வீணாகிவிட்டதே என்ற நினைப்புதான் வழியெல்லாம் அவர் மனதை அரித்தது. சிநேகிதருக்காகக் கேட்ட அன்றே வந்திருக்கலாமே.

குடல் நோய் நிபுணர் டாக்டர் இர்பான் ஆம்பூர்க்காரர், ஜகதீசனுக்கு நன்றாகப் பழக்கமானவர். அறைக்குள் நுழைந்ததும் திரிபுரசுந்தரி தயங்கி நின்றாள். ஜகதீசன் பழக்கதோஷத்தில் அவளை நாற்காலியில் உட்காரச் சொல்லி, பின்னால் போய் நின்றுகொண்டார். இர்பான் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"வாங்க சார். இன்னிக்கு யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க, அம்மாவையா?"

ஜகதீசன் வாயைத் திறந்தார். திரிபுரசுந்தரி எழுந்து, அவர் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"என்னைத்தான் டாக்டர்" என்றார் ஜகதீசன், அந்த நாற்காலியில் முதல்முறையாக உட்கார்ந்தபடி.

பையை அணைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் போய் நின்றாள் திரிபுரசுந்தரி.