முறை வீட்டுச் சோறு

எங்கள் தெருவைப் பற்றி வெளியாள் யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லிவிட முடியாது. சொல்வதாக இருந்தால் நான்தான் சொல்ல வேண்டும், சொல்கிறேன்.

பேட்டைக்குப் போகும் ரோட்டிலிருந்து பிரிந்து இறங்குகிற தெரு. வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள். வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் முறம் போன்ற சுளகை வைத்து, இலையை வெட்டி, புகையிலைத் தூளை வைத்து உருட்டி, நூலைச் சுற்றி முடிக்கிற வேகத்திலேயே ஊர்க்கதையும் ஓடும். என் அம்மா அப்படிச் சுற்றித்தான் என்னைப் படிக்க வைத்தாள். நான் டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீட்டில் இருப்பேன்.

எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒருத்தி இருந்தாள். புருஷன் லாரி விபத்தில் செத்துப்போனான். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் அப்போது எட்டாம் வகுப்பு, சின்னவள் ஒன்றாம் வகுப்பு. தெருவில் மற்றப் பெண் பிள்ளைகள் எல்லாம் ஸ்கூல் விட்டு வந்ததும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பீடிக்கு முனை மடக்கிக் கொடுக்கும். இவள் மட்டும் தன் பிள்ளைகளைச் சுளகுப் பக்கமே அண்ட விடமாட்டாள். மூத்தவள் கையை நீட்டினால் இலை வெட்டுகிற கத்தரிக்கோலால் புறங்கையில் லேசாக ஒரு தட்டு. "என் நெஞ்சுக்குள்ள கெடக்குத தூளு போதும்ட்டி. நீ போய்ப் படி" என்பாள். எங்களுக்கு அது எரிச்சலாக இருக்கும். நாம் மட்டும் என்ன பிள்ளைகளைக் கெடுக்கிறோமா என்று தோன்றும். 'கலெக்டரப் பெத்து வச்சிருக்கா' என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். அப்புறம் அவள் இருமல் பெரியாஸ்பத்திரியில் போய் அவளோடு முடிந்தது.

நாங்குநேரியிலிருந்து பிள்ளைகளின் தாய்மாமன் வந்தான். செய்ய வேண்டியதைச் செய்தான், தலையில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான், சாயந்திர பஸ்ஸில் போய்விட்டான். அவனுக்கும் நாலு பிள்ளைகள். அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பிறகு சர்க்காரிலிருந்து இரண்டு பேர் வந்து விசாரித்தார்கள். அக்காளையும் தங்கச்சியையும் பிரிக்காமல் ஒரே குழந்தைகள் இல்லத்தில் சேர்த்துவிடலாம், படிப்பும் அங்கேயே ஆகிவிடும் என்றார்கள். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். தெருவுக்கு ரோஷம் வந்துவிட்டது. எல்லாருக்கும் மேலே என் அம்மா சத்தம் போட்டாள். "எங்க பிள்ளையள அநாதைன்னா சொல்லுதிய? நாங்க இத்தன பேரு இங்கன உயிரோட இருக்கது கண்ணு தெரியலியா?"

எங்கள் பக்கம் சாவு விழுந்த துட்டி வீட்டில் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்து வீடுகள் முறை வைத்துச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கும். அந்த வீட்டுக்கும் அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம். அந்த முறையை நிறுத்தாமல் அப்படியே நீட்டிக்கொண்டோம், அவ்வளவுதான். வாரத்துக்கு ஏழு வீடு. ஆளுக்கு ஒரு நாள். முறை வீட்டில்தான் பிள்ளைகள் இரண்டும் சாப்பிடும், ராத்திரி அங்கேயே படுக்கும். தீபாவளிக்குப் புதுத்துணி வந்தது. சின்னவளுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட இரண்டு பேர் சண்டை போட்டார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. கடையில் கூட வேலை பார்க்கிறவர்களிடம் எங்கள் தெருவைப் பற்றிப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் வீட்டு முறை ஞாயிறு. மூத்தவள் காலையில் இட்லியைத் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பாள். அப்புறம் என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இலையை எடுத்துக்கொள்வாள். முதல் தடவை அம்மா, "ஏட்டி, வைட்டி அத. ஒங்கம்மா இருந்தா கைய ஒடிச்சிருப்பா" என்றாள். "சும்மா எப்படி அத்த இருக்க?" என்று சிரித்தாள் அவள். அதற்கப்புறம் அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்கூல் இல்லாத நாள்தானே. விரல் அவளுக்கு அவ்வளவு சீக்கிரம் பழகியதை நாங்கள் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தோம்.

மூத்தவள் ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருஷம், அம்மாவுக்குக் காய்ச்சல் என்று நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, அம்மா சுற்றிய பீடியைக் கொடுத்து வர பீடிக் கம்பெனிக்குப் போனேன். தெருப் பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு மூத்தவளைப் பற்றி வந்தது. செவ்வாய்க்கிழமை வீட்டுக்காரி, "பாவம், நமக்கு முடியலன்னா ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டுல்லா இலை வெட்டித் தாரா. வாரத்துல ஒருநாள்தான, போனாப் போவுதுன்னு விட்டுட்டேன்" என்றாள்.

பக்கத்தில் இருந்தவள் புதன்கிழமை வீட்டுக்காரி. நூலைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நிமிர்ந்து பார்த்தாள். "எங்க வீட்டுலயும் ஒருநாள்தானன்னுல்லா இருக்கச் சொன்னேன்."

வியாழக்கிழமைக்காரி தலையைக் குனிந்து பீடிக்கட்டை எண்ண ஆரம்பித்தாள். அவள் வீட்டிலும் அதே ஒருநாள்தான். வரிசை முழுக்க ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். அந்த நேரம் எனக்கு எல்லாரையும் அறைய வேண்டும் போல இருந்தது, என் அம்மாவையும் சேர்த்து.

பீடியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். அன்றைக்கு முறை வீட்டு வாசலில் அவள் குனிந்து உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தாள். மடியில் இலைக்குப்பை.

"ஸ்கூலுக்குப் போயி எவ்வளவு நாளாச்சுட்டி?"

"கோயில் கொடைக்கு முந்தி போனதுக்கா."

அந்தக் கொடைத் திருவிழா முடிந்து எத்தனையோ மாசம் ஆகியிருந்தது. ஸ்கூலிலிருந்து ஒருவரும் கேட்கவில்லையா என்றேன். டீச்சர் போன் போட்டிருப்பாள் என்றாள். ஸ்கூலில் கொடுத்திருந்தது அவள் அம்மா நம்பர். அந்தப் போன் பூட்டிய வீட்டுக்குள் டிரங்குப் பெட்டியில் கிடந்தது.

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"யார்ட்டக்கா சொல்ல?" என்றாள். கை நிற்கவில்லை. "ஒரு வீட்டுல இருந்துட்டு இன்னொரு வீட்டுல மாட்டேன்னா, அவுகளுக்கு மட்டும் செய்யுதியோன்னு நெனப்பாவல்லா. எல்லார் வீட்டுச் சோத்தையும்தான திங்கோம்."

 

அன்றைக்கு எல்லாரும் கூடி அழுதார்கள். இனி எவளும் அந்தப் பிள்ளையைச் சுளகைத் தொட விடக்கூடாது என்று பேசி முடித்தார்கள். நான் கூடப் போய் ஸ்கூலில் கெஞ்சிச் சேர்த்துவிட்டு வந்தேன். டீச்சர்மாரும் நல்லபடியாகத்தான் நடத்தினார்கள். ஆனால் கணக்கும் சயின்ஸும் அவளை விட்டு எங்கேயோ போயிருந்தன. அது மட்டும் என்றால் சமாளித்திருப்பாள். வேலை செய்யாமல் தட்டின் முன்னால் உட்கார அவளால் முடியவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். தண்ணீரைக் குடித்து எழுந்துவிடுவாள். முன்னே சிரித்துக்கொண்டு உட்கார்ந்த பிள்ளை, நாங்கள் திருந்திய பிறகு தலை நிமிரவே இல்லை. கொஞ்ச நாளில் முறை வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பூட்டிக் கிடந்த அவர்கள் வீட்டைத் திறந்து தூத்துப் பெருக்கி, தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்விட்டாள். ஸ்கூலும் அத்தோடு நின்றது. அங்கேயே உட்கார்ந்து பீடி சுற்ற ஆரம்பித்தாள்.

அந்த வயதுக்குக் கம்பெனியில் இலை கொடுக்க மாட்டார்கள். யார் தன் பீடிக் கார்டைக் கொடுத்து இவளுக்கு இலை வாங்கித் தருகிறாள் என்று தெருவெல்லாம் கத்தினேன். கடைசியில் அம்மா, "நாந்தான் குடுத்தேன். வாயப் பொத்து" என்றாள். "நான் குடுக்கலன்னா அந்த ரெண்டும் பட்டினி கெடக்கும். ஒன் சோத்தத்தான் அவ திங்க மாட்டேங்காளே." 

போன ஞாயிறு தூக்குவாளியில் கறிக்குழம்பும் சோறும் கொண்டுபோனேன். மூத்தவள் தன் அம்மா உட்கார்ந்த இடத்திலேயே, அதே சுளகோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சின்னவள் பாடப் புஸ்தகத்தை விரித்து வைத்திருந்தாள்.

"தங்கச்சிக்கு மட்டும் வச்சிட்டுப் போங்கக்கா" என்றாள்.

நான் தட்டு எடுக்க உள்ளே போய்த் திரும்பும்போது, சின்னவள் புஸ்தகத்தை விட்டுவிட்டு அக்காளுக்கு உதவியாக ஒரு பீடியை எடுத்து முனையை மடக்கப் போனாள். மூத்தவள் கத்தரிக்கோலால் அவள் புறங்கையில் லேசாக ஒரு தட்டுத் தட்டினாள்.

"போய்ப் படிட்டி" என்றாள்.