தட்டில் வராத உப்பு

உப்புநீரைத் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள், நீர் ஆவியாகி உப்பு மட்டும் மிஞ்சும். நான்காம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இப்படி எழுதியவர் எந்த ஊர்க்காரரோ, ஜூலை மாத மழையில் பீர்மேட்டு மலைப்பக்கம் தலைகாட்டியிருக்கமாட்டார். என் சொந்த ஊரான பாலக்காட்டில் என்றால் வெயில் காலத்தில் மத்தியானத்துக்குள் தட்டு காய்ந்துவிடும். எனக்கு வேலை கிடைத்ததோ பீர்மேட்டில் ஒரு தேயிலை எஸ்டேட் பள்ளியில், அதுவும் தற்காலிகமாக. துவைத்த சேலை நாலு நாளாகியும் காயாத இடத்தில் எதை ஆவியாக்குவது?

ஆனால் ஆக்கித்தான் தீரவேண்டும். வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி ஆய்வுக்கு வருகிறார், இந்தப் பாடத்தைத்தான் பார்ப்பார், அவர் நல்லபடியாக எழுதினால்தான் என் வேலை நிரந்தரமாகும் என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். அடுப்பில் வைத்துக் காய்ச்சிக் காட்டட்டுமா என்று கேட்டேன்.

"புக்குல வெயில்னுதான டீச்சர் போட்டிருக்கு? அடுப்புன்னா போட்டிருக்கு?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திங்கட்கிழமை ஒரு பீங்கான் தட்டில் கைநிறைய உப்பைக் கரைத்து ஜன்னலோரம் வைத்தேன். தண்ணீர் நின்ற இடத்தில் பிள்ளைகள் பென்சிலால் கோடு போட்டார்கள். தினமும் பார்த்து, பார்த்ததை நோட்டில் எழுதச் சொன்னேன்.

புதன்கிழமை தண்ணீர் கோட்டைத் தாண்டியிருந்தது. கூரை ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்த்தேன். ஒழுகவில்லை. காற்றிலிருந்த ஈரத்தையெல்லாம் உப்பு இழுத்துக் குடித்திருந்தது.

வியாழக்கிழமை நோட்டுகளைத் திறந்தால் எல்லாவற்றிலும் ஒரே பதில்: 'தண்ணீர் கூடியிருக்கிறது. உப்பு வரவில்லை.' அதை அழித்துவிட்டு 'நீர் ஆவியாகி உப்பு கிடைத்தது' என்று எழுதச் சொன்னேன். எல்லோரும் அழித்தார்கள். முதல் பெஞ்சில் ஒருத்தி மட்டும் ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். கொழுந்து கிள்ளும் பெண்ணொருத்தியின் மகள்.

"நாங்க உப்பப் பாக்கவே இல்லியே டீச்சர்."

"சொன்னத எழுதுடி!" என்று கத்தினேன். அவள்மேல் எனக்கென்ன கோபம்? மழைமேலும் புத்தகத்தின்மேலும் ஹெட்மாஸ்டர்மேலும் இருந்ததெல்லாம் அவள் தலையில் விடிந்தது. அழுதுகொண்டே எழுதினாள். நான் தட்டை எடுத்து அலமாரிக்குள் ஒளித்துவைத்தேன்.

மறுநாள் அதிகாரி நனைந்துகொண்டேதான் வந்தார். சட்டையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நோட்டுகளைப் புரட்டினார். ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, அதையும் பார்த்தார். உப்பு எப்படி வந்தது என்று கேட்டுவிடுவாரோ என்று அலமாரிக் கதவை மறைத்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்கவில்லை.

"கொள்ளாம் டீச்சரே. குட்டிகள் கண்டது கண்டபடி எழுதியிருக்கு" என்று மலையாளம் கலந்த தமிழில் பிள்ளைகளைப் பாராட்டினார்.

என் வேலை நிரந்தரமானது. எனக்குச் சந்தோஷம்தான், இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் அந்த முதல் பெஞ்சுப் பெண் அதன்பிறகு ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. எந்தப் பாடம் நடத்தினாலும் பென்சிலைப் பிடித்துக்கொண்டு, என்ன எழுதவேண்டும் என்று நான் சொல்லும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.