இறக்கத்தில் இடது லிவர்

1. போர்டு

என் ஷெட் வாசலில் ஒரு போர்டு தொங்குகிறது. 'வண்டியைக் கழுவாமல் கொண்டு வரவும்.' புதிதாக வருகிறவர்கள் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். மற்ற ஒர்க்‌ஷாப்பில் வாட்டர் சர்வீஸ் முடித்துவிட்டு வா என்பார்கள். நான் சேற்றோடு வா என்கிறேன். எங்கே ஆயில் கசிகிறது, எந்த போல்ட் ஆடுகிறது என்பதெல்லாம் அழுக்கில்தான் தெரியும். குளிப்பாட்டிப் பொட்டு வைத்துக் கொண்டுவந்தால் நான் என்ன செய்ய? நான் ஜோசியக்காரன் இல்லை.

நான் பார்ப்பது பழைய தோட்டத்து டிராக்டர்கள். கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தின் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவன். பேத்துப்பாறை போகிற ரோட்டில் ஷெட் போட்டிருக்கிறேன். அந்தக் காலத்துப் பங்களாக்காரர்கள் கப்பலில் வரவழைத்த வண்டிகள் கைமாறிக் கைமாறி இப்போது கேரட்டும் பூண்டும் போடுகிறவர்களிடம் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் கை டிராக்டர். இரண்டே சக்கரம், முன்னால் எஞ்சின், பின்னால் நீளமாக இரண்டு ஹேண்டில். ஆள் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும். ஸ்பேர் கிடைக்காது. எது உடைந்தாலும் வத்தலக்குண்டு லேத்தில் கொடுத்துக் கடைந்துதான் மாட்ட வேண்டும்.

இந்த வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்ல ஒரு வண்டியின் கதை போதும். அது முருகேசனுடைய வண்டி.

2. பிக்கப்பில் வந்தது

மழை விட்ட ஒரு காலையில் பிக்கப் ஒன்று வந்து நின்றது. மேலே கை டிராக்டர் ஒருக்களித்துக் கிடந்தது. முன் பம்பர் நசுங்கி, டேங்க் ஒடுங்கி, ஒரு ஹேண்டில் மடங்கியிருந்தது. டிரைவர் பக்கத்தில் இருந்து சின்னராசு இறங்கினான். பின்னாலேயே அவனுடைய அண்ணி முத்துலட்சுமி இறங்கினாள். நெற்றியில் பொட்டு இல்லை. அவளுடைய புருஷன் முருகேசன் அந்த வண்டியோடு பள்ளத்தில் விழுந்து செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்று எனக்குத் தெரியும். ஊரெல்லாம் அதே பேச்சுதான்.

சின்னராசு நேராக விஷயத்துக்கு வந்தான்.

"மெக்கானிக்கண்ணே, முதல்ல நல்லாக் கழுவிருங்க. ரத்தமெல்லாம் காஞ்சு கெடக்கு. ஓடுற மாதிரி வெரசா பண்ணிக் குடுங்க. ஆடலூர்ல ஒருத்தர் எடுத்துக்கிறேன்னிருக்காரு. அண்ணிய ஊருக்குக் கூட்டிட்டுப் போறோம். இங்க இனி என்ன சோலி?"

முருகேசன் மலைக்காரன் இல்லை. பழனிக்குக் கீழே நெல்வயலில் இதே மாதிரி வண்டி ஓட்டிப் பழகியவன். மேலே வந்து நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து இரண்டு போகம்தான் எடுத்திருந்தான். நல்ல உழைப்பாளி. ஆனால் ஒரு காலத்தில் நன்றாகக் குடிப்பான். அதனால் அவன் செத்ததும் ஊர் யோசிக்கவே இல்லை. குடித்துவிட்டு நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்தான், போய்ச் சேர்ந்தான் என்று முடித்துவிட்டது. போலீஸ், ஆஸ்பத்திரி என்று போனால் உடம்பை அறுப்பார்கள் என்று பயந்து அன்று சாயங்காலமே எரித்தும் விட்டார்கள். உண்மை தெரிய வழியில்லாமல் போனது.

சின்னராசு டீ குடிக்கப் போனபிறகு முத்துலட்சுமி என் பக்கத்தில் வந்தாள்.

"அண்ணே, கழுவாதீங்க. உங்க போர்டப் பாத்தேன்."

"என்னம்மா வேணும்?"

"போன தைப்பூசத்துக்கு நடந்து போயி மலையேறி, இனி தொடமாட்டேன்னு முருகன் முன்னாடி சத்தியம் பண்ணிட்டு வந்தாருண்ணே. அதுக்கப்புறம் நான் வாசம்கூடப் பாக்கல. இப்ப எல்லாரும் குடிச்சிட்டுத்தான் விழுந்தான்கிறாக. எனக்குத் தெரியணும். சாமிக்குக் குடுத்த வாக்க மீறிட்டாரா? நல்லதோ கெட்டதோ, இந்த வண்டியப் பாத்துட்டு நீங்க சொல்லுங்க."

இரும்பு குடிவாசம் சொல்லாது என்று வாய்வரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. பார்க்கிறேன் என்றேன்.

3. பிரித்தது

சின்னராசுவிடம் பார்ட்ஸ் வர நாளாகும் என்று சொல்லி அனுப்பிவிட்டு, வண்டியைச் சேற்றோடு பலகைமேல் ஏற்றினேன். எத்தனையோ வண்டி பிரித்திருக்கிறேன். அதைப் பிரிக்கக் கை வரவில்லை. இரண்டு டீ குடித்த பிறகுதான் ஸ்பேனர் எடுத்தேன்.

முதலில் ஆக்சிலேட்டர். முழுக்க இறக்கி வைத்திருந்தது. அடுத்து கியர் பாக்ஸ். மூடியைக் கழற்றிப் பார்த்தால், கியரைத் தள்ளுகிற ஃபோர்க் முதல் கியரில் கெட்டியாக உட்கார்ந்திருந்தது. நியூட்ரல் என்பது சுத்தப் பொய். இறக்கத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, சின்ன கியர் போட்டு, வேகத்தைக் குறைத்து, நிதானமாக இறங்கியிருக்கிறான். போதையில் இருக்கிறவன் இந்த மூன்றையும் வரிசையாகச் செய்யமாட்டான். என்னிடம் வருகிற நிதானமான ஆட்களிலேயே பாதிப் பேர் செய்வதில்லை.

சந்தோஷமாகத்தான் இருந்தது, ஹேண்டிலைப் பார்க்கிறவரை.

ஹேண்டில் இரண்டிலும் அடியில் ஒரு லிவர் உண்டு. இடது லிவரை அமுக்கினால் இடது சக்கரத்துக்கு எஞ்சின் பிடி விட்டுப்போகும். வலது சக்கரம் மட்டும் தள்ளும், வண்டி இடது பக்கம் திரும்பும். சமதளத்தில் இதுதான் பாடம். இறக்கத்தில் எல்லாம் தலைகீழ். அங்கே எஞ்சின் வண்டியைத் தள்ளுவதில்லை, ஓடாமல் இழுத்துப் பிடிக்கிறது. இடது லிவரை அமுக்கினால் இடது சக்கரம் பிடி விட்டு ஓடும், வலது சக்கரம் பிடியிலேயே இருக்கும். வண்டி வலது பக்கம் திரும்பும். அதனால் மலைக்காரர்கள் இறக்கத்தில் லிவரைத் தொடமாட்டார்கள். ஹேண்டிலை உடம்பால் தள்ளியே திருப்புவார்கள். நெல்வயலில் பழகியவனுக்கு இது தெரிய வழியில்லை. அங்கே இறக்கமே கிடையாது.

முருகேசன் விழுந்த வளைவில் பள்ளம் வலது பக்கம். மடங்கிக் கிடந்தது இடது ஹேண்டில். லிவர் முழுக்க அமுங்கியபடி ஹேண்டிலோடு நசுங்கிப் போயிருந்தது. விழுந்த அடியில் அமுங்கியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினேன். லிவரைச் சுற்றி வளைந்தபடி கம்பளி நூல் தெரிந்தது. பச்சைக் கையுறையின் விரல் பகுதி. குளிருக்குப் போட்டிருக்கிறான். விழும்போது அந்தக் கை லிவரை இறுக்கிப் பிடித்திருந்தது.

பள்ளத்தை விட்டு விலகத்தான் இடது லிவரைப் பிடித்திருக்கிறான். வண்டி அவனைப் பள்ளத்துக்கே கொண்டுபோயிருக்கிறது. வண்டி இன்னும் வலது பக்கம் போகப் போக அவன் இன்னும் இறுக்கிப் பிடித்திருப்பான். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை.

4. சொன்னது

பாதியை மட்டும் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். குடிக்கவில்லை, கியரில்தான் வந்தான், அவ்வளவு போதும். கையுறையை அடுப்பில் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் நல்லதோ கெட்டதோ சொல்லுங்கள் என்று கேட்டவளிடம் பாதி சொல்ல மனசு ஒப்பவில்லை. அந்த வண்டியை வேறு யாரோ ஓட்டப்போகிறார்கள் என்பதும் இருந்தது.

மறுநாள் அவள் வெள்ளனே முதல் பஸ்ஸில் தனியாக வந்தாள். கியரைக் காட்டினேன். ஆக்சிலேட்டரைக் காட்டினேன்.

"குடிச்சவன் இறக்கின வண்டி இல்லம்மா இது. நான் எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடிக்கட்டும் என்று இருந்தேன். பிறகு லிவரைக் காட்டினேன். கையுறையைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவள் வாங்கிக் கொடுத்ததுதான். மெதுவாக, ஒளிக்காமல் எல்லாம் சொன்னேன்.

அவள் லிவரைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப, அதத் தொடாம விட்டிருந்தா?"

"பத்திரமா வந்திருப்பாரும்மா."

"கீழ வந்திருப்பாரு."

"ஆமா."

கையுறைத் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். "வண்டிய விக்கல. சரி பண்ணுங்க. நானே ஓட்டுறேன்" என்றாள்.

சின்னராசு வந்து சத்தம் போட்டான். பொம்பளை ஓட்டுகிற வண்டியா இது என்றான். அவள் அவனிடம் கியர் பாக்ஸைக் காட்டினாள். "உங்க அண்ணன் சாமிக்குச் சொன்ன வார்த்தையக் காப்பாத்திட்டுத்தான் செத்தாரு. இத நீங்களே ஊருக்குள்ள போயிச் சொல்லுங்க" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான்.

5. இறக்கம்

போர்டில் இரண்டாவது வரி ஒன்று சேர்த்திருக்கிறேன். 'இறக்கத்தில் லிவரைத் தொடாதே.' கீழேயிருந்து வண்டி வாங்க வருகிறவர்களை என்னோடு ஒரு இறக்கம் நடக்க வைக்காமல் வண்டியை விடுவதில்லை. மெக்கானிக் ஆக வருகிறவர்களுக்கும் இதுதான். வண்டியை மட்டும் ரிப்பேர் செய்தால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அதை ஓட்டுகிறவன் எந்த மண்ணில் பழகிய கை என்று கேளுங்கள்.

முத்துலட்சுமி முதல் தடவை அதே பாதையில் வண்டியை இறக்கிய அன்று நானும் போனேன். சொன்னபடி வண்டியை நிறுத்தினாள், முதல் கியர் போட்டாள், ஆக்சிலேட்டரை இறக்கினாள். நான் பின்னால் நடந்தேன். வளைவுக்கு வந்ததும் சக்கரம் ஒரு கல்லில் ஏறி வண்டியின் மூக்கு பள்ளத்துப் பக்கம் திரும்பியது. அவளுடைய இடது கை விரல்கள் விரிந்து லிவருக்குப் போயின. நான் கத்த வாயைத் திறந்தேன். விரல்கள் லிவர்மேல் ஒரு கணம் இருந்தன. பிறகு லிவரை விட்டு ஹேண்டிலில் மடங்கின. அவள் ஹேண்டிலில் முழு உடம்பையும் சாய்த்துத் தள்ளினாள். வண்டி முனகிக்கொண்டு பாதைக்குத் திரும்பியது.

கீழே வந்து எஞ்சினை நிறுத்தினாள். இடது கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எல்லாம் தெரிஞ்ச எனக்கே கை போகுதுண்ணே. அவரு பாவம், என்ன பண்ணுவாரு?"