நாற்பத்தோராவது காரணம்

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கவலையில்லை. எங்கள் ஊரில் நிறையப் பேர் சிரித்தாகிவிட்டது. "எந்நேரமும் செல்போனையே நோண்டினா இப்படித்தான்" என்று என் அம்மாவே சொல்லிவிட்டாள். ஆனால் நடந்தது நடந்ததுதான். போன பொங்கல் முடிந்த எட்டாம் நாள், காலை 6.22 முதல் 7.04 வரை. நேரத்தை நான் சொல்லவில்லை. மெஷின் சொல்கிறது. பேய் என்றால் நள்ளிரவில்தான் வரும் என்று நானும் உங்களைப் போலத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் லோகேஷ். பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவு என் ஊர். பி.சி.ஏ. முடித்துவிட்டு, சென்னையில் இருந்த ஒரு சின்ன கம்பெனிக்காக எங்கள் பக்கத்திலேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஏரியில் வெறுங்கையால் இறால் பிடிப்பவர்களின் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிவிட வேண்டும், அதுதான் வேலை. கை எங்கே போகிறது, எப்போது மூடுகிறது என்பதையெல்லாம் பட்டை என் போனுக்கு அனுப்பும். ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் போன் ஒரு தடவை அதிரும். உடனே பிடித்தவர், அந்த இடத்தில் ஏன் கையை வைத்தார் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். போன் அதைப் பதிவு செய்துகொள்ளும். பட்டை முப்பது அடிக்குள் இருந்தால்தான் போனுக்குத் தெரியும், தாண்டினால் தொடர்பு போய்விடும். கையையும் காரணத்தையும் சேர்த்துப் படித்து, மனுஷ மனசு எப்படி முடிவெடுக்கிறது என்பதைக் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளும் என்றார்கள்.

எனக்குக் கிடைத்தவர் இருசம்மாள். சுண்ணாம்புக்குளம் பக்கத்தில் வீடு, நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் இருசக்கா என்று கூப்பிடுவேன். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து சேற்றைத் தடவிக்கொண்டே போவார். கண் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும், கை மட்டும் கீழே வேலை செய்யும். பிடித்த இறாலைப் போட பனையோலையில் பின்னிய பறி உண்டு. இரண்டு கையும் தடவ வேண்டும் என்பதால், அந்தப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் வேலை செய்வார்கள். அதனால் தண்ணீரில் இருக்கும்போது யாரும் பேசுவதில்லை.

அங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன்.

"வாயில பறிய வச்சிக்கினு எப்படிக்கா காரணம் சொல்வே? இடுப்புல கட்டிக்க, அது பின்னாலயே மிதந்து வரும்."

நானே நாலு முழம் நைலான் கயிறு வாங்கி வந்து கட்டிவிட்டேன். இருசக்காவின் புருஷன் ரங்கன் அப்போதே முனகினார். "தண்ணிக்குள்ள கவுறு தொங்கக் கூடாது நைனா. வலை கட்ட ஊனி ஒடஞ்சுபோன வலைக்கழி எங்கெங்க நிக்குதோ, யாரு கண்டா?" நான் காதில் வாங்கவில்லை. படித்த திமிர், வேறென்ன?

பத்து நாளில் கம்ப்யூட்டர் தேறிவிட்டது. இருசக்காவின் கை அடுத்து எங்கே போகும் என்று பத்துக்கு எட்டுத் தடவை முன்கூட்டியே சொன்னது. காரணம்தான் ஒன்றுகூடத் தேறவில்லை.

"இங்க ஏன்கா கைய வச்சே?"

"இறால் இருந்துச்சு, வச்சேன்."

"இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"கைக்குத் தெரியும்."

"கைக்கு எப்படித் தெரியும்?"

"கையக் கேளு. என்னை இன்னா கேக்குற?"

எனக்கு எரிச்சலாக இருந்தது. கொஞ்சம் கேலியாகவே சொன்னேன். "உன் மனசுல இன்னா ஓடுதுன்னு உனக்கே தெரியல. கம்ப்யூட்டருக்குத் தெரியுது பாரு."

"அதுக்கு எப்படித் தெரியுதாம்?"

"அதுக்கும் காரணம் சொல்லத் தெரியாதுக்கா. ஆனா கரெக்டா வருது."

இருசக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அப்போ அதை மட்டும் ஏன் நீ கேக்க மாட்டேன்ற?"

நான் போனைப் பார்க்கிற மாதிரித் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதற்கு மறுநாளிலிருந்து அந்தக் கை தடுமாற ஆரம்பித்தது. சேற்றைத் தொடுவதற்கு முன்னால் ஒரு நொடி நிற்கும். அதற்குள் இறால் ஓடிவிடும். முப்பது வருஷமாகப் பறி நிறையப் பிடித்தவர், பாதிப் பறியோடு கரை ஏறினார். "கைய வெக்கும்போதே உன் கொரலு கேக்குது தம்பி. ஏன் இங்க, ஏன் இங்கன்னு... கை பயந்துக்கினு நின்னுடுது." அப்போதாவது நான் விட்டிருக்க வேண்டும். விடவில்லை. "நல்லா யோசிச்சு ஒரே ஒரு காரணம் சொல்லுக்கா, போதும்" என்றேன். அந்த வார்த்தைக்காக நான் அழாத நாள் இல்லை.

பொங்கல் முடிந்த ஆறாம் நாள், மதியம். "நான் தனியா போய்ப் பாக்குறேன் தம்பி. காரணத்தைக் கண்டுபுடிச்சிக்கினு வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். நான்கு மணிக்கு ஏரியில் இறங்கியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். திரும்பி வந்ததைப் பார்த்தவர்கள் இல்லை.

மறுநாள் முழுக்க ஆறு படகில் தேடினோம். ஒன்றும் கிடைக்கவில்லை. ரங்கன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "தண்ணி மொகத்துவாரம் பக்கம் இழுக்குது நைனா. கடலுக்குள்ள போயிட்டா அவ மூஞ்சியக்கூடப் பாக்க முடியாது" என்று மட்டும் சொல்லிச் சொல்லி அழுதார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். உயிரோடு கொண்டுவர முடியாது, உடம்பையாவது கொண்டுவந்துவிட வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் குறி.

எட்டாம் நாள் காலை 5.50க்கு நானும் ரங்கனும் சின்னப் படகில் கிளம்பினோம். நல்ல பனி. ரங்கன் கழியை ஊன்றித் தள்ளினார். போனைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு என் கழுத்தில் தொங்கவிட்டிருந்தேன். பட்டையோடுதான் அக்கா இறங்கியிருப்பார் என்று ஒரு நினைப்பு. ஆனால் அதன் பாட்டரி பத்து மணி நேரம்தான் தாங்கும். அவர் இறங்கி முப்பத்தெட்டு மணி நேரம் ஆகியிருந்தது.

6.22.

போன் அதிர்ந்தது.

எடுத்துப் பார்த்தேன். 'பட்டை இணைந்தது' என்று திரையில் எழுதியிருந்தது. பச்சைப் புள்ளி ஒன்று மினுங்கியது. நடுவில் இருக்கும் நீலப் புள்ளி நான். பச்சை... இருசக்காவின் கை.

"அண்ணா, நிறுத்துங்க... இங்கதான்!"

குதித்துவிட்டேன். இடுப்பளவு தண்ணீர். எலும்புக்குள் போகிற குளிர்.

போன் மறுபடி அதிர்ந்தது. ஒரு தடவை.

எனக்கு அப்போது உறைக்கவில்லை. இரண்டு அடி நடந்த பிறகுதான் உறைத்தது. பட்டை சும்மா கிடந்தால் அதிராது. கை மூடினால்தான் அதிரும்.

"இருசக்கா!"

பச்சைப் புள்ளி இடது பக்கம் நகர்ந்தது. நானும் திரும்பினேன். மறுபடி அதிர்வு. கொஞ்சம் முன்னால் போனது. நானும் போனேன். மறுபடி.

திரும்பிப் பார்த்தேன். படகு இல்லை. பனிதான் இருந்தது.

"அண்ணா!"

எங்கோ தூரத்தில் ரங்கன் கூப்பிடுவது மாதிரி இருந்தது. சரியாகக் கேட்கவில்லை.

அப்புறம் அந்தச் சத்தம்.

சளக்... சளக்...

தண்ணீருக்கடியில் கை தடவினால் மேலே வருமே, அந்தச் சத்தம். மிகப் பக்கத்தில்.

கூடவே மூச்சு.

மூக்கால் மட்டும் விடுகிற மூச்சு. வாயை இறுக்கி மூடிக்கொண்டு வேலை செய்பவர்களின் மூச்சு.

முன்னால் யாரும் இல்லை. பின்னால் இல்லை. ஆனால் மூச்சு என் காதுக்குள்ளேயே இருந்தது.

அதிர்வு. சளக். அதிர்வு.

பயத்தில் கத்தப் பார்த்தேன். வாய் திறக்கவில்லை.

பச்சைப் புள்ளி நின்றது.

மெதுவாக... என் பக்கம் வந்தது.

பத்தடி. ஐந்தடி.

நீலத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது.

ஒரே புள்ளி.

போன் நீளமாக அதிர்ந்தது.

என் விரல்களில் ஏதோ சுற்றியது.

தலைமுடி.

அதற்குப் பிறகு எனக்கு நினைவிருப்பது, ரங்கன் என் கன்னத்தில் அறைந்துகொண்டிருந்தது. நான் படகில் கிடந்தேன். "வாயத் தொற... தொற நைனா!" என்று கதறினார். என்னால் திறக்க முடியவில்லை. தாடை பூட்டிக்கொண்டிருந்தது. விரலை விட்டு நெம்பித்தான் திறந்தார்.

என் பல்லில் பறி இருந்தது.

பறியிலிருந்து நைலான் கயிறு படகின் விளிம்பைத் தாண்டித் தண்ணீருக்குள் இறங்கியது. நான் கட்டிய அதே கயிறு. மறுமுனை இருசக்காவின் இடுப்பில் இருந்தது. நடுவில் உடைந்த வலைக்கழி ஒன்றில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. நேரம் 7.04 ஆகியிருந்தது. எனக்கோ பத்து நிமிஷம் போனது போலத்தான் இருந்தது.

"எவ்ளோ தூரம் போயிட்டேன்ணா?" என்று கேட்டேன்.

"எங்க போனே? பத்தடியில உன் முதுகு எனக்குத் தெரிஞ்சுக்கினே இருந்துச்சே. ஒரே எடத்துல குனிஞ்சி குனிஞ்சி சுத்தினே. நீ அவளத்தான் தடவித் தேடுறேன்னு நெனச்சிக்கினு சும்மா இருந்தேன். கூப்ட்டா திரும்பவும் இல்ல."

நான் ஒரு தடவைகூடக் குனியவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே நேராக நடந்தேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பறி நிறைய இறால். எல்லாம் உயிரோடு துள்ளின. ரங்கன் ஒவ்வொன்றாக எடுத்து ஏரியிலேயே விட்டார். நான் எண்ணினேன். ஏன் எண்ணினேன் என்று தெரியாது. நாற்பது.

இறங்கிய அன்று மாலையே இருசக்காவின் உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். என்னைப் பற்றிக் கேட்டதற்கு, அதிர்ச்சியில் கையில் கிடைத்ததைக் கடித்திருப்பான் என்றார். நானும் அதை நம்பிவிடப் பார்த்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். ரங்கன் உள்ளே போய் எதையோ கொண்டுவந்து என் கையில் வைத்தார். மணிக்கட்டுப் பட்டை.

"அரிசி டப்பாவுல கெடந்துச்சு நைனா. இத்தைக் கட்டினா கைக்குக் காது கேக்கலன்னு சொல்லிக்கினே இருந்தா. அன்னிக்குக் கழட்டி வச்சிட்டுதான் போயிருக்கா."

பட்டை செத்துக் கிடந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். போகும்போது வாசலில் நின்று ஒன்று மட்டும் கேட்டேன். "அண்ணா, அன்னிக்குத் தண்ணியில நான் ஏதாவது பேசினேனா?"

"நீ எங்க பேசினே? மொத தடவை நீ நிமிரும்போதே வாயில பறி இருந்துச்சு. அது எப்படி உன் வாய்க்கு வந்துச்சுன்னுதான் எனக்கும் இன்னிவரைக்கும் வெளங்கல."

மறுநாள் காலை 11.10க்கு கம்பெனியிலிருந்து விமல் போன் செய்தான். எங்கள் பதிவுகளைச் சரிபார்ப்பவன். அவனுக்கு இங்கே நடந்தது எதுவும் தெரியாது. உற்சாகமாகப் பேசினான்.

"மச்சான், அன்னிக்குக் காலையில 6.22க்கு ஒண்ணு அனுப்பியிருக்கியே, செம. நாப்பத்தொரு தடவை கை மூடியிருக்கு. இருசம்மாள் கைதான்னு கம்ப்யூட்டர் அடிச்சுச் சொல்லுது. எல்லாத்துக்கும் காரணமும் இருக்கு. இவ்ளோ தெளிவா இதுவரைக்கும் யாருமே சொன்னதில்ல. ஆனா ஏன்டா அவங்க சொல்லாம நீ சொல்லியிருக்கே?"

"நானா?"

"உன் குரல்தான்டா. கேளு."

போட்டுக் காட்டினான்.

"இங்க தரை கொஞ்சம் சூடு. பனிக்கு இறால் இங்கதான் வந்து படுக்கும்." அதிர்வு. "இங்க தண்ணி தானா சுத்திக்கினு நிக்குது." அதிர்வு. "இங்க சேறு வழுக்கல, கரகரன்னு இருக்குது." ஒவ்வொன்றாக ஓடியது. என் குரல்தான். ஆனால் வாழ்க்கையில் ஒரு இறாலைக்கூடக் கையால் தடவிப் பிடித்தவன் இல்லை நான். இவை எதுவும் எனக்குத் தெரியாது.

நாற்பது முடிந்தது. பறியில் இருந்ததும் நாற்பதுதான்.

கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. மூக்கால் விடும் மூச்சு. அப்புறம் அந்த நீளமான அதிர்வு.

என் குரல் கேட்டது. "இங்க ஏன் கைய வச்சே?"

என் குரலே பதில் சொன்னது.

"இங்கதான் நான் இருக்கேன், தம்பி."